வியாழக்கிழமை தொடங்கிய காப்பீடு

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மெல்போர்னில் இருக்கும் மகளுக்கு வேலையை விட்டு வர வழியில்லை. அதனால் தாய்வீடு கிளம்பி அவளிடம் போக வேண்டியதாயிற்று. தாய்வீடு என்றால் நானும் என் மனைவியும்தான். எனக்கு எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தாறு. அவளுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை, ஒன்பது வருடமாக ரத்தக் கொதிப்பு. எனக்குக் கவலையைத் தவிர வேறு நோய் இல்லை.

அந்தக் கவலை எனக்குத் தொழிலோடு வந்தது. முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் இருந்தேன். சிவகங்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்ததைவிட வரப்பில் அளவுச் சங்கிலி பிடித்து நின்ற நாட்களே அதிகம். ஓய்வு பெற்ற பிறகும் எதைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றும். மாடிப்படி, மாத்திரை, மின்கம்பம் எதுவும் தப்பாது.

விசா வந்த அன்று மாப்பிள்ளை தொலைபேசியில், "மாமா, இன்சூரன்ஸ் போடாம மட்டும் பிளேன் ஏறிறாதீங்க. இங்க ஒரு ராத்திரி ஆஸ்பத்திரில படுத்தா என்ன ஆகும் தெரியுமா?" என்று கேட்டு, ஒரு தொகையைச் சொன்னார். நான் அதை உடனே நிலமாக மாற்றிப் பார்த்தேன். எங்கள் ஊர் மானகிரியில் எங்களுக்கு இருப்பது ஒரு ஏக்கர் நாற்பது சென்ட். என் மனைவி அங்கே ஒரு வாரம் படுத்தால் ரோட்டோரத்துத் துண்டு போகும். அறுவை சிகிச்சை என்றால் கிணறும் சேர்ந்து போகும். நிலம் போனாலும் பரவாயில்லை, அவள் தன் காலில் நடந்து திரும்பி வர வேண்டும் என்பது அதற்கு அடியில் இருந்த பயம். அன்று முதல் எனக்குத் தூக்கம் குறைந்தது.

காரைக்குடியில் டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் மூன்றையும் ஒரே மேசையில் பார்க்கிற ஒரு பாய் இருக்கிறார். அவருடைய தம்பிகள் இருவர் வளைகுடாவில். எங்களுக்கு நெடுநாள் பழக்கம். நாங்கள் இருவரும் அவர் எதிரில் போய் உட்கார்ந்தோம். அவர் கணினியைப் பார்த்தபடியே கேட்டார்.

"மதினிக்குச் சீக்கு ஏதும் உண்டாண்ணே?"

"சர்க்கரை, பிரஷர்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் என் மனைவி, "இல்லைன்னு போடுங்க தம்பி" என்றாள்.

"ஏன் இல்லைன்னு போடணும்?"

"நல்ல காரியத்துக்குக் கெளம்புறோம். அதுல போயிச் சீக்கையா எழுதுவாக? மாத்திரையப் போட்டுச் சர்க்கரைய நூத்தி நாப்பதுல வச்சிருக்கேன். அது ஒரு சீக்கா?"

பாய் என்னைப் பார்த்தார். "நெறையப் பேரு எழுதறதில்லதாண்ணே. எழுதினா பிரீமியம் கூடும். டாக்டர் ரிப்போர்ட் கேப்பான்."

"எழுதாம விட்டா?"

"ஒண்ணும் ஆகாட்டி ஒண்ணும் இல்லை. அங்க போயி ஏதாச்சும் ஆச்சுன்னா பழைய மருந்துச் சீட்டெல்லாம் கேப்பான். மறைச்சிட்டீகன்னு சொல்லிக் கைய விரிச்சிருவான்."

"ஆனாத்தான?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணும் ஆகாதுன்னா இன்சூரன்சே எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்குறேன். அந்தக் காசுக்குப் புள்ளைக்கு அரை பவுன் எடுத்துட்டுப் போகலாம்."

பாய் சிரித்துவிட்டு டீ சொன்னார். நான் எழுந்து எதிரில் இருந்த ஸ்கேன் சென்டருக்குப் போய், ரத்தப் பரிசோதனைக்கு நேரம் வாங்கி வந்தேன். சர்க்கரையும் கொதிப்பும் எழுதப்பட்டன. பிரீமியம் கூடியது. வீடு திரும்பும்வரை பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.

விதிமுறைகள் முப்பத்தெட்டுப் பக்கம். பாயிடம் அச்செடுத்து வாங்கி, மூன்று நாள் பென்சிலும் கையுமாக வாசித்தேன். எனக்கு விளங்கிய அளவில் அதன் சாரம் இதுதான். முன்பே இருக்கிற நோய்க்கு வழக்கமான மருந்தும் பரிசோதனையும் அவர்கள் தர மாட்டார்கள். சொல்லி வைத்த நோயால் திடீரென்று ஆபத்து வந்தால், ஒரு வரம்பு வரை தருவார்கள். எந்தச் சிகிச்சையானாலும் முதல் நூறு டாலர் நம் கைக்காசு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தால், படுக்கும் முன்போ படுத்த உடனேயோ அவர்களுடைய உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் பணத்தை நேரே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவார்கள். படுக்காமல் காட்டிவிட்டு வந்தால் நாம் கட்டி, ரசீதையும் டாக்டர் எழுதியதையும் பத்திரமாக வைத்து, பிறகு கேட்டு வாங்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, டாக்டருக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு உண்டு. விளம்பர அட்டையில் போட்டிருந்த பெரிய தொகையைப் பார்த்து நிம்மதியாக இருந்தவனுக்கு, பதினேழாம் பக்கத்தில் இந்த உச்சவரம்பைக் கண்டதும் நிம்மதி பாதியாகிவிட்டது.

எனக்குச் சத்தமாக வாசிக்கும் பழக்கம். இறந்தவர் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்பும் செலவு என்ற பகுதியை வாசித்துக்கொண்டிருந்தபோது, பிரசவ லேகியத்துக்குச் சுக்கு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்தினாள்.

"என்னத்த வாசிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல, ஒரு விதி."

"காதுல விழுந்துச்சு. அங்குட்டு வேப்ப மரத்தடில போயி வாசிங்க. அதுதான் அந்த விதியக் கேட்டுக்கிட்டு நிக்கும். எங்க காதுல விழ வேண்டாம்."

மிச்சப் பக்கங்களை வேப்ப மரத்தடியில்தான் வாசித்தேன்.

அடுத்து வந்தது நாள் பிரச்சினை. மகள் எடுத்து அனுப்பிய டிக்கெட் செவ்வாய்க்கிழமை இரவு, திருச்சியிலிருந்து. செவ்வாய்க்கு வடக்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. ஆஸ்திரேலியா தெற்கேதானே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன்.

"மானகிரிக்குத் திருச்சி எங்குட்டு இருக்கு?"

"வடக்க."

"முதல்ல திருச்சிக்குப் போவம். பெறகு ஆஸ்திரேலியாவப் பாப்போம்."

இதற்கு எங்கள் ஊரில் வழி இருக்கிறது. நல்ல நாளில் பெட்டியோடு வீட்டைப் பூட்டிப் புறப்பட்டு, வேறு ஒரு வீட்டில் தங்கிவிட வேண்டும். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கிழமை விமானம் ஏறினாலும் குற்றமில்லை. இடையில் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, பூட்டிய கதவைத் திறக்கவும் கூடாது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மேல் நல்ல நேரம் என்று முடிவாயிற்று. நெற்குப்பையில் இருக்கும் அவள் தங்கை வீட்டில் ஐந்து நாள் தங்கி, அங்கிருந்து திருச்சிக்குக் கார்.

மறுபடி பாயிடம் போனபோது, பயணம் தொடங்கும் நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் கேட்டார். "டிக்கெட் செவ்வாயில்லண்ணே?"

"டிக்கெட் செவ்வாய். பயணம் வியாழக்கிழமையே தொடங்குது. வீட்டப் பூட்டுனதுலேருந்து தொறக்கிற வரைக்கும் பாலிசி இருக்கணும்."

"ஒங்க விருப்பம்" என்று பாய் வியாழக்கிழமையைத் தட்டினார். பாலிசியை முப்பது நாள், அறுபது நாள் என்று படிப்படியாக விற்கிறார்கள். விமானம் ஏறுகிற நாளும் திரும்புகிற நாளும் சேர்த்து எங்களுக்கு ஐம்பத்தெட்டு. அறுபது நாள் படியை எடுத்தோம். இரண்டு நாள் உபரி இருக்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி. சங்கிலியை ஒரு முனையில் இழுத்தால் மறுமுனை நகரும் என்பது அப்போது மனதில் வரவில்லை. அதைத் தெரிந்து வைத்திருந்ததற்காகத்தான் அரசாங்கம் எனக்கு முப்பத்து நான்கு வருடம் சம்பளம் கொடுத்தது.

வியாழக்கிழமை வீட்டைப் பூட்டி நெற்குப்பை போய்ச் சேர்ந்தோம். அங்கே பெட்டியைத் திறந்தபோதுதான், சர்க்கரைக்காரர்கள் போடுகிற அவளுடைய மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு மானகிரியில் கொல்லைக் கதவு ஓரத்திலேயே கிடப்பது தெரிந்தது. போய் எடுத்து வருகிறேன் என்றேன். அக்காவும் தங்கையும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். காரைக்குடியில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றேன். "அங்க குளுருக்கு ஷூவுதான் போடணுமாம். எதுக்கு ரெண்டு செலவு" என்றாள் என் மனைவி. செருப்பு இல்லாமலே கிளம்பினோம்.

மெல்போர்னில் நாங்கள் இறங்கியபோது கடும் குளிர். இறங்கிய பதினோராம் நாள் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு கிராம். தாயும் பிள்ளையும் நலம். என் மனைவி எடுத்துப் போன லேகியத்தில் விமான நிலையத்து அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டது பாதி, மகள் சாப்பிட்டது பாதி. மனைவிக்கு மகள் ஒரு கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் தினமும் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருமுனைப் பூங்காவரை போய் வருவாள். வழியில் பதினெட்டு வீடுகள். எந்த வீட்டின் முன்னாலும் ஆள் இல்லை. பிள்ளையிடம் பேசிக்கொண்டே நடப்பாள். நான் இரண்டடி பின்னால். அந்த ஏழு வாரம் போல நான் கவலையில்லாமல் இருந்ததே இல்லை. பாலிசி பெட்டிக்குள் இருக்கிறது என்ற தைரியம் அதில் பாதி.

திரும்ப வேண்டிய புதன்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் சமையலறையிலிருந்து வருவதைப் பார்த்தேன். இடது காலைச் சாய்த்து வைத்து நடந்தாள். காலுறையைக் கழற்றச் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல. செருப்புக்கடி."

"எத்தனை நாளா?"

"நாலு நாளு இருக்கும். மஞ்சள் வச்சிருக்கேன்."

"கழட்டு."

"கழட்டினா கத்துவீக."

மகள் வந்து கழற்றினாள். பெருவிரல் ஓரத்தில் கொப்புளம் உடைந்து, சுற்றிலும் சிவந்து வீங்கி, சிவப்பு புறங்காலில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் கத்தவில்லை. சர்க்கரைக்காரருடைய கால் புண் எங்கே போய் முடியும் என்பதை எங்கள் தெருவிலேயே இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு விரலோடு போயிற்று. மற்றவருக்கு முழங்காலுக்குக் கீழே.

உதவி எண்ணுக்காகப் பாலிசி அட்டையை எடுத்தேன். எண்ணுக்கு மேலே காப்பீட்டுக் காலம் அச்சாகியிருந்தது. அது நாளை, ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. இரண்டு முறை விரல் விட்டு எண்ணினேன். விமானம் ஏறாமல் நெற்குப்பையில் பணியாரம் சாப்பிட்ட ஐந்து நாளும் அறுபதில் போயிருந்தன. உபரி இரண்டைக் கழித்தால் மூன்று நாள் குறைவு. அவள் காலில் புண். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காப்பீடு இல்லை. அட்டையை நீட்டினேன். மாப்பிள்ளைதான் எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

சென்னையிலிருந்து ஒரு பெண் தமிழிலேயே பேசினாள். முதல் கேள்வி, நோயாளிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்த நோய் உண்டா என்பது. உண்டு, எழுதியிருக்கிறோம் என்றேன். ஒரு நிமிடம் தேடிவிட்டு, "ஆமா சார், சர்க்கரை இருக்கு, ரிப்போர்ட்டும் இருக்கு. கால் சிவப்பு மேல ஏறுதுன்னா எமர்ஜென்சிதான். உடனே கூட்டிட்டுப் போங்க. அட்மிட் பண்ணா திரும்பக் கூப்பிடுங்க, நாங்க நேரா பேசிக்கறோம். இல்லேன்னா பில்லும் டாக்டர் நோட்டும் வாங்கிக்குங்க" என்றாள்.

"அம்மா, நாளையோட பாலிசி முடியுதே."

"ஆமா சார். ஆனா இங்க பதிஞ்சிருக்கற டிக்கெட் செவ்வாய்தானே? ஆரம்பத் தேதி வியாழன்னு இருக்கு?"

"செவ்வாய்க்கு வடக்க சூலம். அதனால வியாழக்கிழமையே வீட்ட விட்டுப் புறப்பட்டுட்டோம்."

"புரியுது சார். எங்க வீட்லயும் பாப்பாங்க. ஆனா சிஸ்டத்துல சூலத்துக்குக் கட்டம் இல்ல சார். விமானம் ஏறுற தேதிதான் போட்டிருக்கணும். காலம் முடியறதுக்குள்ள நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கேளுங்க. இப்ப உடம்பு எப்படி இருக்குன்னு உண்மையைச் சொல்லி எழுதணும். முதல்ல அம்மாவ டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"முடியறது எந்த ஊரு நேரத்துக்கு?" என்று கேட்டேன். இந்திய நேரம் என்றாள். அப்படியானால் மெல்போர்னில் திங்கட்கிழமை விடியற்காலை நாலரை வரை. நாலரை மணி நேரம் கூடக் கிடைத்ததில் எனக்குச் சிறிது மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், பெண், புண்ணைச் சுத்தம் செய்து, ரத்தம் எடுத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றினார். எலும்புக்குப் போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சொன்னதை மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றதையும் மொழிபெயர்த்தார். அதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மாத்திரை கொடுத்து, காலைக் கீழே தொங்கவிடக் கூடாது, நிற்கவே கூடாது, செவ்வாய்க்கிழமை மறுபடி காட்ட வேண்டும், விமானம் ஏறலாமா என்பதை அன்றுதான் சொல்ல முடியும் என்றார். ரசீதையும் டாக்டர் எழுதிய தாளையும் கையில் வைத்துக்கொண்டே வந்தேன். காரில் யாரிடமும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளின் கணினியில் நீட்டிப்புக்கு எழுத உட்கார்ந்தேன். இருவரும் இப்போது நலமாக இருக்கிறோம் என்று ஒரு வாக்கியம் அச்சடித்தே இருந்தது. பக்கத்தில் கட்டம். டிக் போட்டால் முடிந்தது. என் மனைவி சோபாவில் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்தபடி கேட்டாள்.

"என்ன யோசிக்கிறீக?"

"நலமா இருக்கோம்னு போடணுமாம்."

"சர்க்கரைய எழுதினவுக புண்ண மட்டும் விட்டுருவீகளாக்கும். எழுதுங்க. எந்த விரலு, எத்தனை இஞ்சு, எல்லாத்தையும் அளந்து எழுதுங்க."

"எழுதினா தர மாட்டான்னா?"

"தராட்டி விடட்டும். மூணு நாளு நான் இதே சோபாவுல கெடக்கேன். அவன் தராட்டியும் சோபா இருக்குல்ல."

எழுதினேன். இடது கால், பெருவிரல், சனிக்கிழமை சிகிச்சை தொடங்கியது, செவ்வாய்க்கிழமை மறுபார்வை. மாலையில் பதில் வந்தது. இருவருக்கும் புதன்கிழமை வரை நீட்டித்திருந்தார்கள். அவளுக்கு மட்டும், அந்தக் கால் புண்ணுக்கு நீட்டித்த நாட்களில் செலவு தர இயலாது என்று ஒரு வரி. சனிக்கிழமைச் செலவு விதிப்படி பார்க்கப்படும். அதாவது மற்றதெல்லாம் அவர்கள் பொறுப்பு, அந்த விரல் என் பொறுப்பு. அந்த வரியைப் பல தடவை படித்தேன். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் காலைப் பார்த்தேன். டாக்டர் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு அனுப்பியிருந்தார். கோட்டைத் தாண்டினால் உடனே வர வேண்டும். எல்லைக் கல் பார்த்தவனுக்கு இது பழகிய வேலை. சிவப்பு கோட்டைத் தொடவில்லை. சாயங்காலம் கோட்டுக்கு உள்ளே நகர்ந்திருந்தது. அளவுநாடா கேட்டேன். மகள் தரவில்லை.

அவளோ அந்த நாட்களில் ராணி மாதிரி இருந்தாள். வந்த நாளிலிருந்து சமையல், துணி, பத்தியம் என்று ஓடியவளை இப்போது யாரும் எழுந்திருக்க விடவில்லை. மாப்பிள்ளை சாம்பார் வைத்தார். மகள் தலை வாரிவிட்டாள். பேத்தி முழு நேரமும் அவள் மடியில். பால் குடிக்க மட்டும் தாயிடம் போய்விட்டு வரும். "பாத்தீகளா, என்னைப் பாத்துத்தான் சிரிக்குது" என்பாள். ஆறு வாரப் பிள்ளை சிரிக்குமா, காற்றா என்று நான் கேட்டேன். "ஒங்களப் பாத்தா காத்துதான் வரும்" என்றாள். மகள் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை அதே டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. சிவப்பு பெரும்பாலும் வடிந்திருந்தது. விரல் ஓரம் உலர்ந்து, புதுத் தோல் மினுங்கியது. டாக்டர் மறுபடி ஒரு முறை அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டி, மாப்பிள்ளையிடம் பேசினார்.

"நாளைக்குப் போகலாமாம் மாமா. ஏர்போர்ட்ல வீல்சேர் எடுத்துக்கணும், பிளேன்ல காலைத் தூக்கி வச்சுக்கணும். லெட்டர் தர்றாங்க."

எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. என் மனைவி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் ஒரு பத்து நாளு இருந்துட்டுப் போனா நல்லதுன்னு சொல்லலையா மாப்ள?"

"இல்ல அத்தை. நல்லா ஆறிருச்சுன்னு சொல்றாங்க."

"நல்லாக் கேட்டுப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். டாக்டரும் சிரித்தார். போகலாம் என்பதுதான் மறுபடியும் பதில். அவள் காலுறையை மாட்டிக்கொண்டு, "நல்ல டாக்டருதான்" என்றாள். குரலில் நன்றி குறைவாகத்தான் இருந்தது.

அன்றைய கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். விரலுக்குக் கட்டுகிறோம் என்று நினைத்தபோது அதிகமாகத் தோன்றவில்லை. காரில் வரும்போது, பத்து நாள் நீட்டித்தால் பாலிசிக்கு எவ்வளவு, டிக்கெட்டை மாற்ற எவ்வளவு என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ரோட்டோரத் துண்டில் ஒரு மூலைகூடப் போகாது. சொல்லலாமா என்று பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காலை நீட்டி வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளையை எழுப்பிவிடாதே, நான் வந்துவிடுகிறேன், நாளைக்குப் போகும்வரை அது என்னிடம்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.